மூட்டைக்கு எதிராக உட்கார்ந்தது

தியானம் செய்தால் கோபம் குறையும் என்று சொல்கிறவர்கள் என் பாவாவோடு ஒரே கூரையின் கீழ் ஒரு வாரம் குடியிருந்துவிட்டு வந்து சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன். விட்டுப்போன தியானத்தை நான் மறுபடியும் பிடித்துக்கொண்டதே அந்த மனிதர் மேலிருந்த கோபத்தால்தான். ஒரு நாள் தவறாமல் நடத்தியதும் அதே கோபத்தால்தான். பக்தி, ஞானம், உள்ளொளி என்று எதையாவது எதிர்பார்த்து வந்தவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

பாவா என்றால் என் அக்காவின் கணவர். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் தெலுங்கு, பாதி வீட்டில் தமிழ். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. சண்டை என்று வந்தால் எது முந்துகிறதோ அது. திருத்தணி மலையடிவாரத்தில் அப்பா விட்டுப்போன வீட்டின் கிழக்குப் பாதியில் நானும் என் மனைவியும் இருந்தோம். மேற்குப் பாதியில் அக்காவும் பாவாவும். நடுவில் ஓர் அறை. அது யாருக்கு என்று சொல்லாமலே அப்பா கண்ணை மூடிவிட்டார். மறதியாக இருக்காது. அவருக்குப் பாவாவைப் பிடிக்காது. என்னையும் அவ்வளவாகப் பிடிக்காது.

அந்த நடு அறையில் என் புத்தகங்கள் இருந்தன. வீட்டிலேயே மழை ஒழுகாத அறை அது ஒன்றுதான். என் பாதியில் ஐப்பசி மழைக்குப் பாத்திரங்கள் எல்லாம் தரைக்கு வந்துவிடும். சமைப்பதற்குப் பாத்திரம் இருக்காது. ஆகவே அறை போனால் புத்தகங்களும் போயின என்று அர்த்தம். அதுவரை நான் சம்பாதித்த சொத்து என்று சொல்லிக்கொள்ள அவற்றைத் தவிர எனக்கு வேறொன்றும் கிடையாது. பிள்ளைகள் இல்லை, நல்ல பெயரும் இல்லை.

அறைக்கு இன்னொரு குணமும் உண்டு. தெருவிலிருந்து பார்த்தால் அப்படி ஓர் அறை இருப்பதே தெரியாது. வம்பு அதில்தான் வந்தது. பாவாவுக்குப் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர்களிடம் லுங்கி வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் வியாபாரம். யுத்தம் வந்து நூலுக்கும் துணிக்கும் கட்டுப்பாடு போட்ட பிறகு, தெருவுக்குத் தெரியாத அறைகள் மேல் துணி வியாபாரிகளுக்கு ஒரு தனிக் காதல் பிறந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வருகிறேன், பாவா நடு அறை வாசலில் நின்று உள்ளே கண்ணால் அளந்துகொண்டிருக்கிறார்.

"மச்சான், பொஸ்தகத்தையெல்லாம் உன் பக்கம் எடுத்துக்கினு போயிடு. சாயந்தரம் மூட்ட வருது."

"என் பக்கம் ஒழுகுது பாவா."

"ஒழுவுனா இன்னா? எல்லாம் படிச்ச பொஸ்தகம்தானே. மறுபடியும் படிக்கவா போறே?"

இந்தக் கேள்விக்கு உலகத்தில் பதில் கிடையாது. புத்தகம் வைத்திருக்கிற எல்லாரையும் இதைக் கேட்டுக் கொல்லலாம். பதில் இல்லாதபோது வாய் தானாக எதையாவது சொல்லும். என் வாய் சொன்னது:

"உள்ள நான் தியானம் பண்றேன்."

முழுப்பொய் என்று சொல்லமாட்டேன். பட்டணத்தில் படித்த காலத்தில் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். சில வருஷம் விடாமல் உட்கார்ந்ததும் உண்டு. அப்புறம் அரக்கோணம் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் வேலை, கல்யாணம், காலைக் காப்பி, தொப்பை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து, தியானம் எப்போது நின்றது என்றுகூடக் கவனிக்காமல் நின்றுபோயிற்று. கவனிப்பதற்கென்றே ஏற்பட்ட ஒரு பயிற்சி இப்படி நின்றது எனக்கே கொஞ்சம் வெட்கம்தான்.

"தியானமா? எப்போ?" என்றார் பாவா.

"விடியக்காலம்."

"இத்தினி வருஷமா ஒரு நாளும் நாங்க பார்த்ததில்லியே?"

"தியானத்தப் பார்க்க முடியாது பாவா. பண்ணத்தான் முடியும்."

அதற்குள் அக்கா முறத்தோடு வந்து நடுவில் நின்றாள். ஒருவன் சாமியை நினைத்து உட்காருகிற இடத்தில் சரக்கு அடுக்கக் கூடாது என்பது எங்கள் தெருவில் எழுதாத சட்டம். உப்பு மூட்டைகூட வைக்கமாட்டார்கள். பாவா துணியின் அளவில் கை வைப்பாரே தவிர, மலை மேலிருக்கிறவர் விஷயத்தில் கை வைக்கமாட்டார். அது அக்காவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், அதனால்தான் என் வாய் அந்தப் பொய்யைப் பொறுக்கி எடுத்தது.

அக்கா தீர்ப்புச் சொன்னாள்: "தெனம் உட்கார்றவனுக்குத்தான் ரூமு. இவன் உட்கார்ந்தா இவனுது. ஒரு நாள் தப்புச்சா, அன்னிக்கே மூட்ட உள்ள போவும். அப்புறம் ரெண்டு பேரும் வாயத் தொறக்கக் கூடாது. இன்னா?"

"ஆங்," என்றார் பாவா, உடனே. நான் வாரக்கடைசிவரை தாங்கமாட்டேன் என்று அவர் முகமே சொல்லிற்று. தெருவிலும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் விடியற்காலையில் உட்கார்ந்தேன். கால் மடங்க மறுத்தது. மடங்கிய பிறகு நிமிர மறுத்தது. தரைக்கும் என் கணுக்கால் எலும்புக்கும் ஏதோ பூர்வ ஜன்மத்துப் பகை இருந்திருக்கவேண்டும். மூச்சைக் கவனி என்பார்கள். கவனித்தேன். சீராக, கொஞ்சம் மூக்கடைப்போடு வந்து போய்க்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது, அது பாவாவின் மூச்சு. நான் தூங்குகிறேனா என்று அறிய, முற்றத்து ஜன்னலுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கொறட்ட சத்தம் கேட்டுச்சே மச்சான்," என்றார், நான் வெளியே வந்ததும்.

"அது பிராணாயாமம்."

"பிராணாயாமத்துல பல்லு கடிப்பாங்களா?"

"உங்கள நெனச்சா கடிப்பாங்க பாவா."

அதன்பின் அவர் தினமும் அந்த ஜன்னலடியில்தான் வாய் கொப்பளித்தார். ஒரு மனிதனின் தொண்டையில் இத்தனை ராகங்கள் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஈர லுங்கிகளை ஜன்னலில் காயப்போட்டுக் காற்றை நிறுத்தினார். ஒரு நாள் முற்றத்தில் குமுட்டி அடுப்பை வைத்து மிளகாய் வறுத்தார். வீட்டில் ஊறுகாய்க்கு வேண்டுமாம். பிறந்ததிலிருந்து அடுப்பைத் தொட்டறியாத மனிதர்! கண்ணில் நீர் தாரையாக வழிய நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். முற்றத்துக்கு வந்த பக்கத்து வீட்டு அம்மாள் பார்த்துவிட்டு, நான் ஆனந்தக் கண்ணீர் விடுகிறேன் என்று தெருவெல்லாம் சொன்னாள். என்னைக் கண்டால் சிலர் கைகூப்பத் தொடங்கினார்கள். அவர்களையும் எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

சூரனை வதைத்துவிட்டு வந்த சாமி கோபம் தணிந்து நின்ற மலை என்பதால் எங்கள் ஊரில் சஷ்டிக்குச் சூரசம்ஹாரம் கிடையாது, பூவைத்தான் கொட்டுவார்கள். அந்த மலைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு நான் தினமும் ஒருவரை மனசுக்குள் வதைத்துக்கொண்டிருந்தேன். வசவுகளை வரிசைப்படுத்தினேன், மெருகேற்றினேன். சில நல்ல வாக்கியங்கள் அமைந்தன. ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: எவ்வளவு நல்ல வசவும் பலநாள் திரும்பத் திரும்ப வந்தால் சலித்துப்போகிறது. சலித்த இடைவெளியில், வேறு வேலை இல்லாமல், கொஞ்சம் மூச்சும் தென்படும். அதற்கு மேல் எந்த முன்னேற்றமும் ஏற்பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இருந்தும் ஒரு நாள் விடவில்லை. சுரம் வந்தபோது கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்தேன். ஆடிக் கிருத்திகைக்குக் காவடிகள் தெருவை அடைத்துக்கொண்டு போக, அரோகரா முழக்கத்தில் ஜன்னல் கதவு அதிர்ந்தது, அப்போதும் உட்கார்ந்தேன். பக்தியால் சாதிக்க முடியாததைப் பயம் சாதித்தது. ஒரு நாள் தப்பினால் என் புத்தகங்கள் மழையில், அவர் லுங்கிகள் நிழலில். இதைவிட நல்ல குரு யாருக்கும் வாய்க்கமாட்டார்.

கிருத்திகை முடிந்த வாரம் பாவா வேறு வழிக்கு வந்தார்.

"உட்கார்றவனுக்கு ரூம்னு தானே சொன்னே?" என்றார் அக்காவிடம். "அப்போ நானும் உட்கார்றேன். பாதி ரூமு எனக்கு."

"இது அநியாயம்," என்றேன்.

"தியானத்துக்கு யாரும் பட்டா வாங்கி வெக்கல மச்சான். நவுந்து உட்காரு."

அக்கா முறத்தைத் தட்டிக்கொண்டே யோசித்தாள். "ஆங். நியாயம்தான். ஆனா அவனுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். ஒரு நாள் தப்புனா அவ்ளோதான்."

அன்றுமுதல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். கிழக்குப் பார்த்துத்தான் உட்காரவேண்டும் என்று இருவரும் பிடிவாதம் பிடித்ததால், நான் முன்னால், அவர் என் பிடரிக்குப் பின்னால். ராம நாமத்தைத் தெலுங்கில் வாய்விட்டுச் சொன்னார். நடுநடுவே ஏப்பம். அவர் மூச்சு எனக்கு மனப்பாடமாயிற்று. சரக்கைப்பற்றி நினைக்கும்போது ஒரு மாதிரி இழுப்பார், என்னைப்பற்றி நினைக்கும்போது வேறு மாதிரி விடுவார். சொந்த மூச்சில் ஒன்றாத என் மனம் அந்த மூச்சில் நன்றாக ஒன்றியது. அவர் எப்போது தவறுவார் என்று நானும், நான் எப்போது தவறுவேன் என்று அவரும், இரண்டு கொக்குகள் மாதிரி கண்ணை மூடிக் காத்திருந்தோம்.

காத்திருந்தது வீண்போகவில்லை. ஒரு நாள் பாவா சரக்கு எடுக்கப் பொதட்டூர்பேட்டைக்குப் போனார். யுத்தகாலத்துப் பஸ்கள் பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தன. ஓடின என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. விடிந்தும் அவர் திரும்பவில்லை. பஸ் எங்கேயோ படுத்துவிட்டது. படுக்கையில் கண்ணை விழித்து, மேற்குப் பாதியில் கொப்பளிப்புச் சத்தம் இல்லை என்று தெரிந்துகொண்ட அந்தக் கணத்தில் நான் அடைந்ததைத்தான் பேரானந்தம் என்று பெரியவர்கள் சொல்லியிருக்கவேண்டும்.

நடு அறைக் கதவைத் திறந்தேன். பாவாவின் இடத்தில் அக்கா உட்கார்ந்திருந்தாள். முந்தானையைத் தோளோடு போர்த்திக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல்.

"இது இன்னாக்கா?"

பக்கத்தில் போய்க் குனிந்தேன்.

"அக்கா!"

ஒரு கண் திறந்தது. "உங்க பாவா வரல. அவருக்குப் பதிலா நான் உட்கார்றேன்."

"பதிலுக்கு உட்கார்றதா! எந்த ஊர்ல?"

"இந்த ஊர்லதான். எதிர் வூட்டுக்காரருக்குக் காலு ஒடிஞ்சப்போ அவுரு வேண்டுதல யாரு செஞ்சா? பொண்டாட்டிதானே காவடி எடுத்தா? சாமி வேணாம்னுச்சா?"

"அது காவடி. இது தியானம்!"

"சாமிக்கு ரெண்டும் ஒண்ணுதான். சத்தம் போடாத, நான் உட்கார்ந்துகினு கீறேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். நான் விடவில்லை. மூடிய இமைகளைப் பார்த்து வாதாடினேன். ஒருவர் வாங்கிய டிக்கெட்டில் இன்னொருவர் பிரயாணம் செய்யக்கூடாது என்ற ரயில்வே விதியை எடுத்துச் சொன்னேன். ஒருவன் பசிக்கு இன்னொருவன் சாப்பிட முடியுமா என்று கேட்டேன். நான் படித்த புத்தகங்கள் எல்லாம் சுற்றி நின்று கேட்டுக்கொண்டிருந்தன. அவற்றிலிருந்து மேற்கோள் கொடுத்தேன். சாட்சிக்கு என் மனைவியைக் கூப்பிட்டேன்.

"எனக்கு அடுப்புல பாலு கீதுங்க," என்று அங்கிருந்தே சொல்லிவிட்டாள்.

வாதத்தின் உச்சியில் இருந்தபோது அரக்கோணம் ரயில் கூவிற்று. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினேன். ரயில் முழுக்கச் சிப்பாய்கள். கதவோரம் ஒரு காலை ஊன்றி நின்றுகொண்டு, அக்கா பதில் சொல்லமுடியாத இன்னும் சில பாயிண்டுகளைத் தயார் செய்தேன். தோற்றார் பாவா, அறை எனது. வயல்கள் ஓட, மலை பின்னால் சின்னதாகிக்கொண்டு போக, அப்போதுதான் உறைத்தது.

நான் இன்று உட்காரவே இல்லை.

நின்ற இடத்திலேயே கண்ணை மூடிப் பார்த்தேன். ஒரு சிப்பாய் என் தோளைத் தட்டி, "தூங்கி விழுந்துடாதீங்க சார்" என்றான். ஆபீசில் அன்று முழுவதும் யாரிடமும் நல்லபடியாகப் பேசவில்லை, வழக்கமாகவும் பேசுவதில்லை.

சாயங்காலம் வீட்டு வாசலில் மாட்டுவண்டி நின்றது. பாவா மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார். காலையில் நான் நின்றுகொண்டே வாதாடியதை என் மனைவி அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் சிரிப்பு காது வரைக்கும் போயிருந்தது.

"ஏன் மச்சான், இன்னிக்கு நின்னுகினே தியானமாமே?"

"நீங்க ஊர்லயே இல்ல பாவா. நீங்களும் அவுட்டு."

நடு அறைக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. இருவரும் தட்டினோம். நிதானமாக வந்து திறந்தாள் அக்கா.

"இன்னிக்கு யாரு உட்கார்ந்தீங்க?" என்று கேட்டாள். "நீ?"

"நான் பேசிக்கினு இருந்தேன்," என்றேன்.

"நீங்க?"

"எனக்குப் பதிலாதான் நீ உட்கார்ந்தியே," என்றார் பாவா.

"அப்படித்தான் நெனச்சிகினு உட்கார்ந்தேன். கண்ண மூடனதும் உங்க நெனப்பே வரல. எனக்கே உட்கார்ந்துகினேன் போலக் கீது." முந்தானையை இழுத்துச் செருகினாள். "தெனம் உட்கார்றவங்களுக்கு ரூமு. இன்னிக்கு உட்கார்ந்தது நான் ஒருத்தி. இந்த வூட்ல ஒரு கதவச் சாத்திக்கினா இம்மாம் நல்லா இருக்கும்னு யாரும் எனக்குச் சொல்லல."

"என் பொஸ்தகம்?" என்றேன்.

"இருக்கட்டும். சொவுரு மாதிரி சத்தத்த தடுக்குது."

"என் மூட்ட?" என்றார் பாவா.

"நடையில போடுங்க."

கதவு சாத்தப்பட்டது. இரண்டு பேரும் வாயைத் திறக்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். திறக்கவில்லை.

மறுநாள் விடியற்காலையில் பழக்கதோஷத்தால் விழிப்பு வந்துவிட்டது. திரும்பிப் படுத்திருக்கலாம். ஆனால் ரூம் போனதும் தியானமும் போயிற்று என்று பாவா தெருவில் சொல்லுவார். எழுந்து, இரு பாதிகளுக்கும் இடையிலிருந்த நடைக்குப் போனேன். அங்கே கோணியால் மூடிய லுங்கி மூட்டைகள். ஒன்றின்மேல் பாவா ஏற்கெனவே சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நானும் அதையே சொல்லுவேன் என்று அவருக்குத் தெரியாதா? மிச்சமிருந்த மூட்டையின்மேல் ஏறி உட்கார்ந்தேன். தரையைவிட மெத்தென்று இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை.

சற்றுநேரத்தில், சாத்திய கதவுக்கு அப்பாலிருந்து நிதானமான ஒரு குறட்டை கேட்டது.

நான் ஒரு கண்ணைத் திறந்து பாவாவைப் பார்த்தேன்.

"பிராணாயாமம்," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.