மெழுகில் எடுத்த மரை

சுதர்ஷினிக்கு ஒன்பது வயதிருக்கும்போது, மலையிலிருந்து தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர் வரும் குழாயில் ஒரு கண்ணாடிக் குண்டைப் போட்டாள். யார் வீட்டு வாசலில் வந்து விழுகிறது என்று பார்க்க ஆசை. குண்டு எங்கும் வந்து விழவில்லை. பன்னிரண்டு வீடுகளுக்கு இரண்டு நாள் தண்ணீர் நின்றுபோனது. அப்பா அடித்தார். அவளோ குழாயைக் கழற்ற வந்த ஆளின் பக்கத்திலேயே நின்று, எந்த வளைவில் குண்டு சிக்கியிருந்தது என்று பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் போனாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்துமூன்று. திம்புள்ளப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொழுந்தைத் தேயிலையாக்கும் தொழிற்சாலையில் வேலை. தோட்டத்தில் அதை ஸ்டோர் என்பார்கள். இருபது வருடம் மலையில் கொழுந்து எடுத்தாள். முழங்கால் வலி வந்ததும், தேயிலையைச் சலித்துப் பிரிக்கும் சலிப்பு அறைக்கு மாற்றினார்கள். ஒரு மாதத்துக்குள் சலிப்பு மெஷின் எந்தச் சத்தம் போட்டால் எந்த இடத்தில் எண்ணெய் கேட்கிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். எதைப் பார்த்தாலும் "இது எதுக்கு?" என்று கேட்பதால், ஸ்டோரில் அவளுக்கு 'எதுக்கு அக்கா' என்றே பெயர். அதைக் கேட்டால் அவளுக்குக் கோபம் வராது. "ஆமா, எதுக்கு?" என்று திருப்பிக் கேட்பாள்.

அவளுடைய தம்பி பிரதாப் அடுத்த லயத்தில் இருந்தான். வாடகைக்கு ஓட்டுவதற்காகக் கொழும்பில் ஒரு பழைய கார் வாங்கியிருந்தான். எங்கோ ஐரோப்பாவில் செய்த சின்ன வண்டி. வாங்கிய நான்காம் மாதம், மூடுபனியில் காட்டுப் பன்றி ஒன்று குறுக்கே பாய்ந்ததில் முன் பம்பர் இரண்டாகப் பிளந்தது. பன்றி எழுந்து ஓடிவிட்டது. பிரதாப் கொழும்புக்குப் போய், பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடை ஒன்றில் அதே மாதிரி பம்பரைத் தேடி எடுத்து வந்தான். நிறம்கூடச் சரியாகப் பொருந்தியது. மாட்டிய பிறகுதான் கவனித்தான்: முகப்பு வழவழவென்றிருந்தது. இலக்கத் தகட்டைப் பூட்ட ஒரு துளைகூட இல்லை.

"ரெண்டு ஓட்டை போட்டா முடிஞ்சிருச்சுல்ல?" என்றார் சுதர்ஷினியின் கணவர் இராமையா. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கிறவருக்கு எதையும் ஒரே வெட்டில் முடித்தாக வேண்டும்.

"இல்ல மச்சான். அடியில ஒரு ஆணிக்கு லேசா ட்ரில் வச்சேன். விரல் நீளத்துக்கு வெடிப்பு ஓடிருச்சு. வெயில்ல காஞ்சு போன பிளாஸ்டிக்கு. நடு மூஞ்சில வச்சா அவ்வளவுதான். இன்னொண்ணு தேடிப் பிடிக்க முடியாது."

அதனால் துளை போடாமல் என்ன செய்யலாம் என்று பார்த்தான். முதலில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப். மூன்று நாள் நின்றது. நான்காம் நாள் கினிகத்தேனையில் கொட்டிய மழையில் தகடு கழன்று நடுத்தெருவில் விழுந்தது. பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே துரத்தி வந்து கொடுத்தார். அதற்குள் ஒரு பஸ் அதன்மேல் ஏறி இறங்கியிருந்தது. தட்டி நிமிர்த்தி, கம்பியால் முன் வலையில் கட்டினான். தோட்டத்து ரோட்டின் குலுக்கலில் வலையின் இரண்டு பட்டைகள் ஒடிந்தன. கடைசியில் முன் கண்ணாடிக்குப் பின்னால், உள்ளே சாய்த்து வைத்தான்.

அப்படி வைத்துக்கொண்டு போனபோதுதான் கினிகத்தேனையில் ஒரு பொலிஸ் சார்ஜன் கையைக் காட்டினார்.

"மல்லி, நம்பர் பிளேட் எக கோ?"

தம்பி, நம்பர் பிளேட் எங்கே என்று கேட்கிறார். பிரதாப் கண்ணாடிக்குப் பின்னால் காட்டினான். சார்ஜன் குனிந்து பார்த்தார். கண்ணாடியில் ஆகாயமும் மின்கம்பியும்தான் தெரிந்தன. உள்ளே இருந்து வாசிக்கவா நம்பர் என்று சிங்களத்தில் கேட்டார். பிரதாப் பம்பரின் கதையைச் சொன்னான். முழுவதையும் பொறுமையாகக் கேட்ட சார்ஜன், அடுத்த வாரம் இந்த வழியாக வரும்போது தகடு வெளியே அசையாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்டம் எழுதிவிடுவேன் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ஞாயிறு. பிரதாப் காருக்கு முன்னால் குந்தியிருந்தான். சுதர்ஷினி துணி காயப்போட வந்தவள், வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள். பம்பரை இடமிருந்து வலமாக ஒரு முறை தடவினாள். வலது ஓரத்தில், தீப்பெட்டி அளவுக்குச் சதுரமாக ஒரு கோடு விரலில் தட்டியது.

"இது எதுக்கு?"

"அது சும்மா டிசைன்க்கா."

"டிசைன்னா அந்தப் பக்கமும் இருக்கணும்ல? ஒரு பக்கந்தான இருக்கு."

கொண்டை ஊசியை எடுத்துக் கோட்டின் ஓரத்தில் நெம்பினாள். மூடி 'டக்'கென்று கையில் வந்தது. உள்ளே இருட்டாக ஒரு துவாரம். சுண்டுவிரலை விட்டாள். பம்பருக்குப் பின்னால் இருந்த இரும்பில் குளிர்ச்சியாக ஒரு வளையம். அதன் உள்பக்கம் முழுக்க, போல்ட் திருகுவதற்கான மரை வரிவரியாக ஓடியது.

பிரதாப் நெற்றியில் அடித்துக்கொண்டான். "அடச்சே! வண்டி நின்னு போச்சுன்னா கயிறு கட்டி இழுக்கக் கொக்கி மாட்டுற எடம்க்கா இது. கொக்கி டிக்கில இருக்கணும். எனக்கு வித்தவரு குடுக்கவே இல்ல."

"முழு வண்டியவே இழுக்கிற எடம்னா ஒரு தகட்டத் தாங்காதா?"

பிரதாப் துணி வாளியைத் தானே தூக்கிக் கொடியருகே வைத்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு ஹட்டனுக்குப் புறப்பட்டான்.

ஹட்டனில் ஜூட் என்பவருக்கு ஒரு லேத் பட்டறை இருந்தது. ஐம்பது வயது, கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்துவிட்டுத் தேடுகிற ஆள். பெட்டியில் இருந்த பெரிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் துவாரத்தில் வைத்துத் திருகிப் பார்த்தார். ஒன்று லூசாக இருந்தது. ஒன்று வாயிலேயே நின்றது. ஒன்று சரியான அளவுபோலத் தெரிந்தாலும் எவ்வளவு சுற்றியும் பிடிக்கவில்லை.

"மரை செத்துருச்சு தம்பி" என்றார் ஜூட். "உள்ளுக்கு அரிச்சிருக்கும். வேற வழி பாருங்க."

பிரதாப் திரும்பி வந்து இதைச் சொன்னபோது சுதர்ஷினி சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள். அகப்பை பாதியில் நின்றது.

"மூடி போட்டு மூடியிருக்கு. கொக்கி மாட்டின அடையாளமே இல்ல. பாவிக்காத மரை எப்பிடிச் சாவும்? என் வெரலுக்கு நல்லாக் கூராப் பட்டுச்சே."

"உள்ளுக்குப் பாக்கவா முடியும்?"

"பாக்க முடியாது. வெளிய எடுக்கலாம்ல."

இரும்பில் உள்ள ஓட்டையை வெளியே எடுக்கிறாளாம் என்று இராமையா சிரித்தார். அவள் சாமி படத்தட்டிலிருந்து ஒரு மெழுகுதிரியை எடுத்தாள். கொதிநீரில் முனையை நனைத்து, இளகியதும் உள்ளங்கையில் உருட்டி, துவாரத்தில் திணித்து அழுத்தினாள். ஆறியதும் இழுத்தாள். பாதி உள்ளேயே ஒடிந்து நின்றது. பின்னேரம் முழுக்கக் கொண்டை ஊசியாலும் சுடுதண்ணீராலும் அதைச் சுரண்டி எடுப்பதிலேயே போனது. பிரதாப் அலுத்துப்போய் வீட்டுக்குப் போய்விட்டான்.

அடுத்த நாள் ஸ்டோரிலிருந்து வந்ததும் மறுபடி செய்தாள். இந்த முறை முதலில் மரையில் தேங்காய் எண்ணெய் தடவினாள். மெழுகைத் திணித்துவிட்டு, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டு மணிக்கு நிற்கிற மாதிரி அரைமணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். குளிர் காற்று அடித்தது. மெழுகு கல்போல இறுகியது. இப்போது இழுக்கவில்லை. குழாயைத் திறக்கிறதுபோல இடப்பக்கம் மெதுவாகத் திருகினாள்.

மெழுகுதிரி உள்ளே போனது.

கையை எடுத்துவிட்டாள். தப்பாகத் திருப்பினோமோ என்று யோசித்தாள். அடுப்படிக்குப் போய் எண்ணெய்ப் போத்தல் மூடியைத் திறந்து பார்த்தாள். இடப்பக்கம்தான் திறந்தது. திரும்பி வந்து மெழுகுதிரியை வலப்பக்கம் திருப்பினாள். சுற்றுச் சுற்றாக, ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தது. முனையில் வரிகள் அழகாகப் பதிந்திருந்தன.

"இங்க வாங்களேன்! இது எல்லாத்துக்கும் எதிர்ப்பக்கம் சுத்துது!"

இராமையா வந்து பார்த்தார். "ஒனக்குன்னே செஞ்சிருக்கான்" என்றார்.

மறுநாள் காலை, வேலை தொடங்கும் முன்பே ஸ்டோர் ஃபிட்டர் சிவசாமியிடம் மெழுகுதிரியை நீட்டினாள். அவர் அதைப் பார்த்த பிறகு அவளைக் கொழுந்து வாட்டும் மாடிக்கு அழைத்துப் போனார். அங்கே கொழுந்துக்குக் காற்று தள்ளும் பெரிய காத்தாடி ஒன்றின் நடு நட்டைக் காட்டினார்.

"இதுவும் எடமரைதாங்க, எடப்பக்கம் சுத்தினாத்தான் இறுகும். காத்தாடி சுத்துற வேகத்துல சாதாரண நட்டு தானாவே கழண்டுரும். எதிர்மரையா இருந்தா சுத்தச் சுத்த இறுகும். ஆனா ஒங்க தம்பி கொக்கி சுத்தாதே. அதுக்கு எதுக்கு எடமரைன்னு எனக்குத் தெரியல."

ஐந்து வருடமாக அந்தக் காத்தாடிக்குக் கீழே நடந்திருக்கிறாள். அந்த நட்டைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லையே என்று சுதர்ஷினிக்கு வெட்கமாக இருந்தது.

அன்றே அரைநாள் லீவு போட்டாள். மெழுகுதிரியைப் பஞ்சில் சுற்றி, பிஸ்கட் டின்னில் வைத்து, மடியில் பிடித்துக்கொண்டு தம்பியோடு ஹட்டனுக்குப் போனாள். ஜூட் கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி, மெழுகையும் ஒரு சாதாரண போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டின் வரிகளும் எதிரெதிராகச் சாய்ந்திருந்தன.

"மரை சாகல தங்கச்சி" என்றார். "நான்தான் செத்துருச்சுன்னுட்டேன். ஏசிராதீங்க."

"ஏசல அண்ணே. செய்ய முடியுமா?"

"மெழுகுல அளவு எடுத்து இதுவரைக்கும் வெட்டினதில்ல. பாப்பம்."

லேத்தில் பல்சக்கரத்தை மாற்றிப் பூட்டினார். இரும்புத் தண்டு சுற்றத் தொடங்கியது. வெட்டும் உளி வழக்கத்துக்கு மாறாக எதிர்ப்பக்கமாக நகர்ந்தது. சுதர்ஷினி ஒரு கேள்வியும் கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தண்டு ஒரு மயிரிழை தடித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் சீவி, காருக்கு எடுத்துப் போனார்கள். ஜூட் அதை அவள் கையில் கொடுத்தார்.

"நீங்களே போடுங்க."

இடப்பக்கம் திருகினாள். முதல் சுற்றில் பிடித்தது. இரண்டாவது, மூன்றாவது. வெண்ணெயில் போவதுபோல உள்ளே போய் இறுகியது. பிரதாப் தன்னை மறந்து கை தட்டினான்.

தண்டைக் கழற்றி, அதன் வெளிமுனையில் ஒரு தட்டை இரும்பை ஜூட் வெல்டிங் வைத்து ஒட்டினார். தண்டைத் திரும்பப் பூட்டி, நம்பர் தகட்டில் ஏற்கெனவே இருந்த இரண்டு துளைகளில் அந்த இரும்போடு சேர்த்து ஆணி பூட்டினார்கள். இரும்பு பம்பரை உரசாதிருக்கப் பழைய டியூப்பை வட்டமாக வெட்டி இடையில் வைத்தார்கள். பம்பரில் புதிதாக ஒரு கீறல் இல்லை. தகடு நடுவில் இல்லாமல் வலது ஓரமாக நின்றது. அது ஒன்றுதான் குறை.

அடுத்த போயா என்னும் பௌர்ணமி லீவில் பிரதாப் கொழும்பிலிருந்து ஆட்களை ஏற்றப் போனபோது அவளும் கினிகத்தேனை வரை முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். அங்கிருந்து பஸ்ஸில் திரும்புவதாகத் திட்டம். தகடு குலுக்கலைத் தாங்குகிறதா என்று அவள் கண்ணால் பார்க்க வேண்டும். ஆனால் சீட்டிலிருந்து பார்த்தால் தகடு தெரியாது. ஆகவே சில மைலுக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தாள். றொசல்ல தாண்டியதும் இறங்கியவள், "ஒரு பக்கம் சாஞ்சிருச்சு" என்றாள். தண்டு ஒரு விரல் அளவுக்குத் திரும்பியிருந்தது.

"இறுக்கமாத்தானக்கா பூட்டினோம்?"

"தண்டுக்குப் பின்னால அணைச்சு நிக்க ஒரு நட்டு வேணும். அதுவும் எடமரையில." பிரதாப்பிடம் இருந்த ஸ்பேனரால் தண்டை இறுக்கி நிமிர்த்தினாள். "இன்னைக்கு இதோட போ. வர்ற வழியில ஜூட் அண்ணன்கிட்ட நட்டு வெட்டிருவம்."

கினிகத்தேனையில் அதே சார்ஜன் நின்றார். பிரதாப் தானாகவே ஓரமாக நிறுத்தினான். சார்ஜன் தகட்டைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. குனிந்து பம்பரைத் தடவி, துளை தேடினார். கிடைக்கவில்லை.

"கவுத ஹெதுவே?"

யார் செய்தது என்ற கேள்விக்குப் பிரதாப் அக்காவைக் காட்டினான். சுதர்ஷினி இறங்கி, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், கையை இடமும் வலமும் சுற்றிக் காட்டி விளக்கினாள். சார்ஜன் தானும் கையைக் காற்றில் இடப்பக்கம் திருகிப் பார்த்தார். ஓரமாக இருந்தாலும் தூரத்திலிருந்து வாசிக்க முடிகிறது, போங்கள் என்றார். பிறகு, தன் வீட்டு கேஸ் சிலிண்டரிலும் ஏதோ ஒன்று எதிர்ப்பக்கம் சுற்றுவதாக நினைவு என்று அவளிடம் சொன்னார். இருவரும் அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டு நின்றார்கள். பிரதாப் இரண்டு தரம் ஹோர்ன் அடிக்க வேண்டியதாயிற்று.

அந்த நட்டை ஜூட் வெட்டிக் கொடுத்து இப்போது எட்டு மாதம் ஆகிறது. தகடு ஓர் இழை நகரவில்லை. நட்டு வெட்டிய அன்று சுதர்ஷினி ஜூட்டிடம், சுற்றாத கொக்கிக்கு எதற்கு இடமரை என்று கேட்டாள். அவர் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"கயித்துல பாரம் தொங்கினா முறுக்குப் பிரியும்ல? அந்தத் திருப்பத்துல கொக்கி கழறாம இருக்க இப்பிடி வச்சிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல மாட்டேன் தங்கச்சி."

வீட்டுக்கு வந்ததும் அவள் கொய்யா மரக் கிளையில் ஒரு தேங்காய்த் தும்புக் கயிற்றைக் கட்டி, தண்ணீர் நிரம்பிய வாளியைத் தொங்கவிட்டாள். வாளி மெல்லச் சுழலத் தொடங்கியது. எந்தப் பக்கம் என்று விரலால் காற்றில் வரைந்து பார்த்தாள். அப்புறம் அதை அவிழ்த்து, துணிக்கொடி நைலோன் கயிற்றில் மாட்டினாள். அது எந்தப் பக்கமும் சுழலாமல் சும்மா தொங்கியது.

"ஏங்க," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள், "மாட்டுக் கொட்டில்ல பழைய வடம் ஒண்ணு கெடந்துச்சே, அத எடுத்துட்டு வாங்களேன். அது எந்தப் பக்கம் பிரியுதுன்னு பாக்கணும்."

இராமையா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார்.