மூன்று மாற்றங்கள்

ஓய்வுபெற்றபின் மச்சானும் நானும் ஹட்டன் இன்டர்நெட் கடையில் கணினியில் எதிரெதிராக உதைபந்தாட்ட விளையாட்டு ஆடுவோம். அன்று சமநிலை கிடைத்தாலே என் அணி முதல் பிரிவில் தப்பிவிடும். என் ஆட்களைக் குறும்பாஸ்களாகவே கொடுக்கவைத்து, ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டிருந்தேன். தேயிலை மலையில் வேலையாட்களை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது களைத்த ஆளை உடனே மாற்றிவிடுவேன். அதே பழக்கத்தில் அறுபதாவது நிமிடத்துக்குள் அனுமதித்த மூன்று மாற்றங்களையும் செய்துவிட்டேன். எண்பதாவது நிமிடத்தில் கோல்காப்பாளர் காயப்பட்டு வெளியேறினார்.

"இனி யார எறக்கப் போறீங்க மச்சான்? தோட்டத்து லய வீட்டுல போய் ஆள் கூப்பிடுவீங்களா?" என்று மச்சான் சிரித்தார்.

பின்வரிசை ஆட்டக்காரரைக் கோலுக்கு அனுப்பினேன். பந்து எங்களிடமே இருந்தால் போதும். நாற்பத்தோராவது பாஸை மச்சானின் ஆள் பறித்துக் கோலடித்தார்.

மலையில் களைத்தவருக்குப் பதில் எப்போதும் இன்னொருவர் இருந்தார். மிச்சம் வைத்து எனக்குப் பழக்கமில்லை.