பள்ளிக்கூடம் போன பால் அளவு

நான் லேசில் பதறுகிறவன் இல்லை. மலாய் நாட்டுக்குக் கப்பலில் வந்தபோது எனக்குப் பக்கத்தில் படுத்திருந்தவன் செத்துப்போனான், நான் பதறவில்லை. ரயில் பாதையில் சம்மட்டி அடித்த காலத்தில் புதருக்குள்ளிருந்து புலி எட்டிப் பார்த்தது; கூட இருந்தவர்கள் எல்லாம் ஓடினார்கள், நான் சம்மட்டியை ஓங்கிக்கொண்டு நின்றேன், புலிதான் போய்விட்டது. ஆற்று வெள்ளம் கொட்டகைக்குள் புகுந்தபோது கழுத்தளவுத் தண்ணீரில் நின்று மாடுகளை அவிழ்த்துவிட்டவன் நான். அப்படிப்பட்ட என்னை, பிரிக்பீல்ட்ஸில் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு கதிகலங்க அடித்தார்கள் என்றால் நம்புவீர்களா? இப்போது நினைத்தாலும் எனக்கு மூச்சு நின்றுதான் வருகிறது.

அப்போது நான் பால்காரன். சும்மா பால்காரன் இல்லை. கிள்ளான் துறைமுகத்தில் இறங்கும்போது என்னிடம் இருந்தது ஒரு வேட்டியும் ஒரு துண்டும்தான். ஒற்றைப் பசுவில் ஆரம்பித்து, ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு கொட்டகை நிறைய மாடு கட்டினேன். ரயில்வே பட்டறைச் சங்கு ஊதுவதற்கு முன்னால் என் சைக்கிள் மணி கேட்கும். பின்னால் இரண்டு பக்கமும் பால் கேன். ரயில் எஞ்சினுக்குக் கரி போடுகிற ஃபயர்மேன் வீடு, தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன் வீடு, யாழ்ப்பாணத்து கிளார்க்குகளின் வீடு என்று எல்லாரும் என்னிடம்தான் வாங்கினார்கள். வேறு பால்காரர்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் என்னிடம்தான். ஏன்? என் பால் அப்படி. பிண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் நான் போட்டதுபோல் எவன் போட்டான்? ஒரு சொட்டுத் தண்ணீர் கலந்தவன் இல்லை நான். இதை நான் எல்லா இடத்திலும் சொல்வேன். கோயிலில் சொல்வேன், டீக்கடையில் சொல்வேன், கேட்காதவனிடமும் சொல்வேன்.

எனக்குப் பள்ளிக்கூடம் என்றால் மழைக்கு ஒதுங்கிய இடம். ஆனால் கோயிலுக்குப் பின்னால் அத்தாப்பு ஓலைக் கூரை போட்டு ஒரு பள்ளிக்கூடம் நடந்ததே, அதன் கூரை ஒழுகியபோது துத்தநாகத் தகடு போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். என் மகளை அங்கே மூன்றாம் வகுப்பில் விட்டிருந்தேன். அந்தக் காலத்தில் பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பியவர்கள் எத்தனை பேர்? சரி, அது கிடக்கட்டும்.

பழைய வாத்தியார் இருந்தவரைக்கும் வாய்ப்பாட்டுச் சத்தம் என் கொட்டகை வரைக்கும் கேட்கும். அதைக் கேட்டால் எனக்கு ஒரு நிம்மதி. பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று தெரியும். அவர் ஊருக்குப் போன பிறகு ஒரு டீச்சரம்மா வந்தார். சின்ன வயது, மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு. அவர் வந்ததும் சத்தம் நின்றுவிட்டது. என்னடா என்று ஒரு நாள் வேலியோரம் எட்டிப் பார்த்தால், பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ரப்பர் கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்துக்கொண்டிருக்கிறார்கள். பத்துக் குவியல் சேர்ந்தால் ஒரு சிரட்டை. இன்னொரு நாள் கயிற்றை எடுத்துக்கொண்டு மரத்தைச் சுற்றுகிறார்கள். மற்றொரு நாள் ஒரு தோசையை வைத்துக்கொண்டு பாதி, பாதியில் பாதி என்று வெட்டி, கடைசியில் தின்றும் விட்டார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "டீச்சரம்மா, கணக்குன்னா வாயால சொல்றது. இதென்ன விளையாட்டு?" என்று கேட்டேன்.

"ஐயா, கை தொட்டது மறக்காது" என்றார் அவர். சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் காலைப் பாலை ஊற்றிவிட்டு வந்து, கேன்களைக் கழுவி, மாடுகளுக்கு லாலாங் புல் அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தற்செயலாகப் பார்த்தால் ஆணியில் மாட்டியிருந்த பால் அளவைக் காணோம். தகரத்தில் செய்த அரைப்படி அளவு. நான் தொழில் தொடங்கிய நாளிலிருந்து என் கையில் இருந்தது அது.

"அளவு எங்கே?" என்று கத்தினேன்.

"மக எடுத்துட்டுப் போயிருக்கு" என்றாள் என் மனைவி அடுப்படியிலிருந்து. "வீட்டுல இருக்கிற அளக்கிற சாமான் ஒண்ணு கொண்டாரச் சொன்னாங்களாம் டீச்சர். தண்ணி ஊத்தி அளக்கப் போறாங்களாம்."

"தொழில் சாமானையா? கேக்காமலா?"

"கேட்டா நீங்க குடுப்பீங்களா?"

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். அதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் ஃபயர்மேன் வீட்டு அம்மா வந்து நின்றாள். இடைவேளையில் பிள்ளைகள் வீட்டுக்கு ஓடித் தண்ணீர் குடித்துவிட்டு வருவது வழக்கம். அவளுடைய பையனும் வந்து போயிருக்கிறான்.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்காதீங்க" என்றாள். "உங்க அளவும் சர்க்கார் அளவும் ஒண்ணு இல்லையாமே? பள்ளிக்கூடத்துல ஊத்திப் பார்த்தாங்களாம்லா. என் மகன் சொல்லிட்டு ஓடுறான்."

என் கையிலிருந்த அரிவாள் கீழே விழுந்துவிட்டது. பால்காரனுடைய அளவு சர்க்கார் அளவோடு ஒத்துவரவில்லை என்றால் ஊர் என்ன நினைக்கும்? வேறு என்ன நினைக்கும்! குறைவு என்றுதான் நினைக்கும். நானே அப்படித்தான் நினைத்தேன். இத்தனை வருஷமாக நான் குறைத்தா ஊற்றியிருக்கிறேன்? இந்த நாட்டில் எனக்கு நிலம் இல்லை, படிப்பு இல்லை, அண்ணன் தம்பி இல்லை. பேர் ஒன்றுதான் இருந்தது. அந்தப் பேர் இடைவேளை மணி அடிக்கும் நேரத்தில் தெருவில் உருண்டுகொண்டிருந்தது.

பள்ளிக்கூடம் பக்கம்தான். ஆனால் அன்றைக்குப் போல அவ்வளவு தூரம் நான் நடந்ததே இல்லை. டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அந்தரத்தில் நிறுத்தினார்.

"என்ன பால்காரரே, மூணாங்கிளாஸ் பிள்ளைங்க உங்களைப் பிடிச்சிட்டாங்களாமே!"

"வாயை மூடுய்யா!"

"நான் மூடிருவேன். பிரிக்பீல்ட்ஸ் முழுக்க மூடுமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் ஏறக்குறைய ஓடினேன். அந்த டீச்சரை இன்றைக்கே பெட்டியைக் கட்ட வைக்கிறேன், மகளைக் காதைத் திருகி வீட்டுக்கு இழுத்து வருகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

வகுப்புக்குள் நுழைந்தால் தரையெல்லாம் ஈரம். நடுவில் ஒரு வாளித் தண்ணீர். சுற்றிலும் சிகரெட் டின், பால் டின், டம்ளர், மூங்கில் குழாய், கொட்டாங்குச்சி. ஒரு முக்காலியின்மேல் மளிகைக் கடையிலிருந்து இரவல் வாங்கிவந்த பித்தளை அரைப்படி, சர்க்கார் முத்திரை குத்தியது. அதற்குப் பக்கத்தில் என் தகர அளவு. இரண்டும் ஒரே உயரம், ஒரே அகலம்.

"கண்ணு இருக்கா உங்களுக்கு?" என்று கத்தினேன். "ரெண்டும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணா நிக்குது. இதுல என்ன குறை கண்டுபிடிச்சீங்க? என் பொழப்புல மண்ணைப் போடவா உங்களைப் பள்ளிக்கூடத்துல வெச்சிருக்கு?"

என் மகள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். டீச்சரம்மா முக்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"குறைன்னு நாங்க சொல்லலையே, ஐயா. ஒண்ணு இல்லைன்னுதான் சொன்னோம். நீங்களே ஊத்திப் பாருங்களேன்."

"நானா?"

"உங்க கையாலதான் தினமும் ஊத்துறீங்க. இன்னைக்கும் உங்க கையாலயே ஊத்துங்க."

வேலியோரம் நாலைந்து பெண்கள் கூடிவிட்டார்கள். பின்வாங்க முடியுமா? என் அளவை வாளிக்குள் முக்கி விளிம்பு தட்ட எடுத்தேன். பித்தளை அளவில் ஊற்றினேன். பிள்ளைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு பார்க்கிறார்கள். பித்தளை நிறைந்தது. என் அளவில் இன்னும் தண்ணீர் இருந்தது. கை தன்போக்கில் ஊற்றிக்கொண்டே இருந்தது. வழிந்தது. முக்காலியில் வழிந்து, தரையில் வழிந்து, என் கால் விரல்களை நனைத்தது.

"கூட! கூட! கூட!" என்று பிள்ளைகள் கைதட்டிக் குதித்தார்கள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் ஊற்றினேன். மறுபடியும் வழிந்தது. பித்தளைக்குள் ஏதாவது கிடக்கிறதா என்று கைவிட்டுத் துழாவினேன்.

"எப்படி? எப்படி இது?" என்றேன். யாரிடம் கேட்டேன் என்றே தெரியவில்லை.

என் மகள் மெதுவாக வந்தாள். பித்தளையின் விளிம்பில் விரலை வைத்தாள். நெல்மணி நீளத்துக்குத் தடிமன். பிறகு என் அளவின் விளிம்பில் வைத்தாள். காகிதம்போல மெல்லிசு.

"அப்பா, வெளியில ரெண்டும் ஒண்ணு. உள்ள ஒண்ணு இல்ல. பித்தளை தன்னோட இடத்தைத் தானே தின்னுடுது. தகரம் தின்னல."

நான் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் ஞாபகம் வந்தது. தொழில் தொடங்கியபோது பித்தளை அளவு வாங்க எனக்கு வசதி இல்லை. மளிகைக் கடைப் பித்தளையை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு சீனத் தகரக்காரரிடம் போனேன். யாரும் என்னை ஏமாற்றிவிடக் கூடாது என்று நூல் பிடித்து உயரம் பார்த்தேன், நூல் பிடித்துச் சுற்றளவு பார்த்தேன். மயிரிழை பிசகினாலும் திரும்பச் செய்யச் சொன்னேன். அந்த மனுஷர் அலுத்துப்போய், "சாமா லா, சாமா!" என்று மலாயில் சத்தம் போட்டார், எல்லாம் ஒன்றுதான் போ என்று. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வந்தேன். வெளியில் நூல் பிடித்தவன் உள்ளே தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை.

ஆக, நான் யாரையும் ஏமாற்றவில்லை. என் பேர் பிழைத்தது. அதற்குச் சந்தோஷப்பட வேண்டுமா, வேண்டாமா? ஒவ்வொரு வீட்டிலும், ஒவ்வொரு காலையிலும், ஒவ்வொரு முறை சாய்த்தபோதும் என் பால் கூடுதலாகப் போயிருக்கிறது. யாருக்கும் ஏமாறாதவன் என்று மார்தட்டிய நான்! டீச்சரம்மா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். தண்ணீரைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அன்று மத்தியானமே தகரக்காரரிடம் போய், பித்தளையில் ஒரு முறை ஊற்றினால் விளிம்போடு நிற்கிற மாதிரி புது அளவு ஒன்று செய்து வாங்கினேன். பழையதை, பாடம் நடத்த உதவட்டும் என்று டீச்சரம்மாவிடமே பெரிய மனது பண்ணிக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் முதல் வீடு ஃபயர்மேன் வீடு. அந்த அம்மா சட்டியை நீட்டினாள். நான் புது அளவை எடுத்தேன். அவள் பாலைப் பார்க்கவில்லை, அளவைத்தான் பார்த்தாள். சட்டியைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இது என்னண்ணே, சின்னதா இருக்கு?"

"இதுதாம்மா சரியான அளவு. பழசுல கூடுதலாப் போச்சு. நேத்துதான் தெரிஞ்சுது."

"உங்களுக்கு நேத்துதான் தெரிஞ்சுதா?" என்று அவள் சிரித்தாள். "எங்களுக்கு எப்பவோ தெரியுமே! மத்தவன் ஊத்துனா சட்டியில இந்தக் கோடு வரும், நீங்க ஊத்துனா இந்தக் கோடு. நேத்துக் குறைச்சிட்டீங்களோன்னுதான் பதறி ஓடி வந்தேன்."

கேட்டீர்களா? அடுத்த வீட்டிலும் சட்டி பின்னால் போனது. அதற்கடுத்த வீட்டுக்காரர், "அந்த அளவுன்னா ஊத்துங்க, இல்லாட்டி நான் வேற ஆளைப் பார்த்துக்கிறேன்லா" என்று கதவைச் சாத்தினார். கேன் நிறையப் பாலோடு தெரு நடுவில் நின்றேன். சட்டையெல்லாம் வியர்வை.

நேரே பள்ளிக்கூடத்துக்கு மிதித்தேன். பூட்டியிருந்தது. டீச்சரம்மா வரும்வரைக்கும் வாசலில் காத்து நின்றேன். வந்தவர் என் முகத்தைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். அலமாரியைத் திறந்து தகர அளவை எடுத்துக் கொடுத்தார்.

"புதுசை இங்க வெச்சிட்டுப் போங்க, ஐயா. எங்களுக்கு அது போதும்" என்றார்.

வெயில் ஏறிவிட்டது. திரும்ப முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்தேன். சட்டிகள் தாமாக வெளியே வந்தன. கடைசியாக யாழ்ப்பாணத்து கிளார்க் வீடு. அந்த அம்மா அதிகம் பேசாதவர், நியாயமானவர். அவரிடம் கேட்டுவிடுவது என்று துணிந்தேன்.

"அம்மா, உண்மையைச் சொல்லுங்க. இந்த அளவுக்காகத்தான் என்கிட்ட வாங்குனீங்களா? என் பாலு எப்படி? மத்தவன் பாலைவிட ஒசத்திதானே?"

அவர் சட்டியைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். யோசிக்கும்படி அதில் என்ன இருக்கிறது?

"பால் எண்டால் எல்லாற்ற பாலும் ஒரே பால்தானே, தம்பி" என்றார். "நீங்கள் ஊத்துங்கோ, நேரம் போகுது."

நான் ஊற்றினேன். விளிம்பு தட்ட ஊற்றினேன்.