அறுபது கிலோ மிச்சம்

என் தம்பி எலெக்ட்ரானிக் சிட்டி வேலையை விட்டான். ஃப்ளாட்டையும் விற்றுவிட்டு, காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீடு ஒன்றைச் செய்யச் சொல்லி வாங்கினான். இனி அவனுக்கும் அவன் மனைவிக்கும் அதில்தான் குடித்தனம். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், எவ்வளவு எளிமையான வாழ்க்கை என்றார்கள். லிங்கராஜபுரத்தில் ஒற்றை அறையில் நானும் மனைவியும் மகளும் வருடக்கணக்காக இருக்கிறோம். அதை யாரும் எளிமை என்று சொன்னதில்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் வண்டியை எங்கள் தெருக்கோடியில் இருந்த காலி மனையில் நிறுத்தினான். உள்ளே சாமான் முந்நூற்றைம்பது கிலோவுக்கு மேல் போகக் கூடாது, அச்சு தாங்காது. நான் டெம்போ ஓட்டி லோடு அடிக்கிறவன் என்பதால் எடை பார்ப்பதை என்னிடம் விட்டான். எடை மெஷினில் முதலில் நான் மட்டும் நிற்பேன், பிறகு பொருளைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். வித்தியாசத்தை மகள் நோட்டில் எழுதுவாள்.

அவள் பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்தாள். லீவில் ஒரு மாதம் தங்களோடு வரட்டும் என்று தம்பி கூப்பிட்டிருந்தான். மங்களூரிலிருந்து கோவா வரை கடலோரமாகவே போகிறார்களாம். அன்று முழுக்க அவள் வாயில் சித்தப்பா பேச்சுதான். நான் அவளை எங்கே கூட்டிப்போயிருக்கிறேன்? ஒரு முறை லோடு இறக்க ஓசூர் போனபோது கூட வந்தாள்.

கடைசியாக அவள் பை வந்தது. பதினான்கு கிலோ. அதைச் சேர்த்த பிறகும் நோட்டின்படி இன்னும் அறுபது கிலோ மிச்சம் இருந்தது.

"தண்ணித் தொட்டி ரொம்புனா நூறு கிலோ ஏறும்," என்றேன். "இப்பவே ஜாஸ்தி. பாப்பா அடுத்த தடவ போவட்டும்."

தொட்டியை இங்கேயே நிரப்ப வேண்டியதில்லை. தங்குகிற ஊரில் வண்டியை நிறுத்திய பிறகு பிடித்துக்கொள்ளலாம். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

தம்பி மறுபேச்சு பேசவில்லை. "நீ சொன்னா சரிதாண்ணா," என்று உள்ளே ஏறி, தன் புத்தகப் பெட்டிகளை இறக்கினான். பிறகு கிரைண்டரை இறக்கினான். இட்லியைக் கடையில் சாப்பிட்டுக்கொள்ளலாம், பிள்ளை வரட்டும் என்றாள் அவன் மனைவி. மகள் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வயிறு இன்னும் எரிந்தது. அவன் என்னோடு சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அடுத்துத் தையல் மெஷினைத் தூக்கிவந்தான். போகிற இடங்களில் அதை வைத்துத்தான் அவன் மனைவி ஏதாவது சம்பாதிப்பதாக இருந்தது. அவள் அதன்மேல் ஒரு துணியைப் போர்த்தினாள். அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை.

"எல்லாத்தையும் ஏத்து. தொட்டி காலியாவே போவட்டும். தண்ணி போற எடத்துல புடிச்சிக்கலாம்."

மகள் நோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "இது உனக்கு மொதல்லயே தெரியாதாப்பா?"

அண்ணன் மறந்திருப்பார், காலையிலிருந்து மெஷினில் ஏறி இறங்கிக் களைத்துப்போய்விட்டார் என்று தம்பி எனக்காகப் பேசினான். அதுவும் அவன்தான் பேச வேண்டியிருந்தது.

நான் பையை எடுக்கக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தாள்.