பின்னால் வைக்கும் கால்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்யாணமான மறுவருஷம், என் கணவருக்கு மலைமேல் ஒரு தேயிலை எஸ்டேட்டில் உதவி மேனேஜர் வேலை கிடைத்தது. நான் கல்லிடைக்குறிச்சியில் வளர்ந்தவள். எஸ்டேட் கிளப்பின் ஆண்டுவிழாவில் கணவரும் மனைவியும் ஜோடியாக ஆட வேண்டும் என்றார்கள். ஊரில் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம், விழுந்துவிடுவேனோ என்பது. வால்ட்ஸ் என்கிற அந்த வெள்ளைக்கார ஆட்டத்தில் பெண்தான் அதிகமும் பின்னால் போக வேண்டும். பள்ளிக்கூட நாளில் படித்துறைப் பாசியில் வழுக்கி, மல்லாந்து ஆற்றில் விழுந்து இழுபட்டவள் நான். பார்க்காத இடத்தில் கால் வைக்க உடம்பு சம்மதிக்கவில்லை.

பக்கத்து பங்களாவில் இன்னொரு உதவி மேனேஜரின் மனைவி இருந்தாள். குன்னூர்க்காரி, என் வயதுதான், நன்றாக ஆடுவாள். மத்தியானங்களில் கிளப் ஹாலில் என்னையும் கணவரையும் ஆடச் சொல்லிப் பார்ப்பாள். நான் இடுப்பை மடக்கிக் குனிந்துகொள்வதாகவும், மூச்சைப் பிடித்துக்கொள்வதாகவும் சொன்னாள். காலை இடுப்பிலிருந்து நீட்டி, விரல் முதலில் தரையைத் தொட்டு, குதிகால் கடைசியில் இறங்க வேண்டுமாம்.

"பைய வை. நான்தான் பிடிச்சிருக்கேம்லா" என்பார் கணவர்.

"அவர் பிடிக்கறதுதான் தப்பு. உன் கனம் உன் கால்லயே இருக்கணும்" என்பாள் அவள்.

விழா அன்று மத்தியானம் நல்ல மழை. ஒரு பாட்டு கணவரோடு எப்படியோ முடிந்தது. உட்காரப் போனபோது பெரிய மேனேஜர் வந்து கை நீட்டினார். ஆள் ஆறடி, அவர் குரல் கேட்டாலே என் கணவர் எழுந்து நின்றுவிடுவார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கையைக் கொடுத்தேன். அவர் கை ஈரமாக இருந்தது. அடி அழுத்தமாக வைத்தார். ஒவ்வொரு முறையும் என் பாதத்தை மிதித்துவிடுவார் என்றே பயந்தேன்.

ஹாலின் மூலையில் திரும்பும்போது அவர் வலது முழங்கால் சட்டென்று மடங்கியது. அந்தப் பெரிய உடம்பு அப்படியே என்மேல் சாய்ந்தது.  என் கால் தானாகப் பின்னால் நீண்டு, குதிகால் இறங்கி ஊன்றிக்கொண்டது. முதுகை நிமிர்த்தி, முழங்கையைத் தாழவிடாமல் நின்றேன்.

"விட்டுராதேம்மா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அவர் முகம் வெளுத்திருந்தது. அவருக்கும் பயம் என்று அப்போதுதான் தெரிந்தது. அது என் பயத்தை இன்னும் கூட்டியது. ஆடுகிற பாவனையிலேயே, சின்னச் சின்ன அடியாகப் பின்னால் நடந்து சுவரோர நாற்காலிக்கு அவரைக் கொண்டுபோனேன். யாரும் கவனிக்கவில்லை. உட்கார்ந்ததும் அவர் தண்ணீர் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கணவர் நம்பவில்லை. மறுவாரம் பெரிய மேனேஜர் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போய் முழங்காலைக் காட்டிவிட்டு, கையில் தடியோடு திரும்பி வந்தார். அதன் பிறகுதான் கணவர் நம்பினார்.