கோடு இல்லாத துணி

ஊசியக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்து விழுந்தது. சொன்னவள் அவளுடைய நாத்தனார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

"அண்ணி, நான் வரையப் போறதில்ல."

"சரி, நாளைக்கு வரை. இன்னிக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"நாளைக்கும் இல்ல அண்ணி. இனிமேயே இல்ல."

நூல் ஊசிக்கண்ணுக்குள் போகாமல் வளைந்து நின்றது.

தெருவில் அவர்கள் இருவருடைய சொந்தப் பெயரும் தேய்ந்துபோய் வெகுகாலம் ஆகியிருந்தது. தைப்பவள் ஊசியக்கா. வரைபவள் பென்சிலக்கா. முதல் பார்வைக்கு அக்கா தங்கை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இரண்டு பேருக்கும் இடையில் உறவுக் கயிறாக இருந்தவர் ஊசியக்காவின் கணவர், பென்சிலக்காவின் அண்ணன். லிஃப்ட் பழுதுபார்க்கும் மெக்கானிக். நாளெல்லாம் மேலும் கீழும் போய்வந்துவிட்டு வீட்டில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தால் அசைய மாட்டார்.

கல்யாணமாகி வந்த புதிதில் ஊசியக்காவின் நல்ல ரவிக்கை ஒன்று கதவு ஆணியில் மாட்டித் தோளருகே கிழிந்துவிட்டது. புது இடம், வாய்விட்டு அழவும் வெட்கம். கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். நாத்தனார் வந்து கையை விலக்கிப் பார்த்தாள். சட்டென்று ஒரு பேனாவை எடுத்துக் கிழிசலே உடம்பாகும்படி ஒரு தேனீயை வரைந்தாள். "இது மேல தைச்சிடுங்க அண்ணி. தேனீதான் தெரியும், கிழிசல் தெரியாது."

பள்ளிக்கூடத்தில் கற்ற அரைகுறைத் தையலை வைத்துத் தைத்தாள். பக்கத்து வீட்டு டீச்சர் பார்த்துவிட்டு எந்தக் கடையில் வாங்கினது என்று கேட்டார். அங்கே பிடித்ததுதான். டீச்சரின் ரவிக்கை, டீச்சர் தங்கையின் கல்யாணப் புடவை, அவளுடைய ஓரகத்தியின் சால்வை என்று ஒன்று மற்றொன்றை இழுத்துக்கொண்டு வந்தது. முன்னறையில் இருந்த சோபா மாடிக்கு ஏறியது. ஜன்னலோரமாக மரச்சட்டம் வந்து உட்கார்ந்தது. சட்டத்தில் துணியை முரசுத்தோல்போல இழுத்துக் கட்டிவிட்டால் அந்த அறையில் வேறு எதற்கும் இடமில்லை. விருந்தாளி வந்தால் சட்டத்தைச் சுற்றி நண்டுபோல நடந்துதான் உள்ளே போக வேண்டும்.

வேலை இருவருக்கும் பாதிப்பாதி. பென்சிலக்கா மெல்லிய தாளில் கொடியும் பூவும் பறவையும் வரைவாள். கோட்டின்மேல் நெருக்கமாக ஊசியால் குத்துவாள். தாளைத் துணிமேல் விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைப் பஞ்சால் ஒற்றித் தேய்த்தால் துளைகளின் வழியே படம் புள்ளிப்புள்ளியாகத் துணியில் இறங்கிவிடும். அதற்கப்புறம் ஊசியக்காவின் ராஜ்ஜியம். பட்டுநூல், ஜரிகை, மணி, சமிக்கி. புள்ளி போன வழியே போவாள். கடைசிப் புள்ளி மறைந்ததும் வேலை முடிந்தது.

இப்படியே வருஷங்கள் ஓடியிருந்தன.

"என்ன ஆச்சு உனக்கு? நான் ஏதாவது சொல்லிட்டேனா?"

"ஐயோ, அதெல்லாம் இல்ல. சலிச்சுப்போச்சு அண்ணி. கண்ண மூடினா கொடி சுத்துது. டிரைவிங் ஸ்கூல்ல பொம்பளைங்களுக்குச் சொல்லிக்குடுக்க ஒரு பொம்பளை வேணும்னு கேட்டாங்க. சேந்துட்டேன்."

அண்ணன்காரர் சாயங்காலம் கேள்விப்பட்டுச் சிரித்தார். "அவ சொல்லிக்குடுத்தவங்க எல்லாம் ரோட்டுக்கு வந்துட்டா நான் லிஃப்டுலயே குடியிருந்துக்கறேன்."

ஊசியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தாலாவது சமாதானம் பேசலாம். இவள் சிரித்த முகமாக, பிடரியில் கைக்குட்டையைச் செருகிக்கொண்டு, தினமும் காலையில் கிளம்பிப் போகிறாள். அவளை எதைச் சொல்லித் திட்டுவது?

முதலில் பழைய தாள்களை எடுத்து ஓட்டினாள். பரண் நிறைய இருந்தன. ஆனால் ஒரு கல்யாணத்தில் ஒரே கொடி இரண்டு புடவைகளில் எதிரெதிரே வந்து நின்றதும் ஒரு வாடிக்கைக்காரம்மா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். கடையிலிருந்து அச்சடித்த மாதிரிகளை வாங்கிவந்து பார்த்தாள். அந்தப் பூக்கள் மூக்கும் முழியுமாகத்தான் இருந்தன, மூச்சுதான் இல்லை. சரி, நாமே வரைந்தால் என்ன என்று ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு அன்னம் ஒன்றை வரைந்தாள். அந்த நேரம் பார்த்துக் கணவர் உள்ளே வந்தார். வெகுநேரம் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கத்திரிக்கா நல்லாத்தான் இருக்கு. அதுக்கு எதுக்குக் கால்?"

தாளைப் பிடுங்கிச் சுருட்டி எறிந்தாள். அவர் போனபின் தானும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் ஏதோ ஒன்று நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷத்தில் ஒரு இதழையாவது எங்கே வைப்பது என்று அவள் முடிவெடுத்ததே இல்லை. நிறம் அவளுடையது. நூலின் தடிமன் அவளுடையது. இலைக்குள் தையல் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது அவளுடையது. ஆனால் எங்கே போக வேண்டும் என்பது எப்போதும் முன்னாலேயே போடப்பட்டிருந்தது. ஊரே தன்னைக் கைதேர்ந்தவள் என்று சொல்லும்போதெல்லாம் பூரித்துப்போனவளுக்கு, அதில் எவ்வளவு தனக்குரியது என்று இப்போது தெரியவில்லை. பாதியா? பாதியிலும் பாதியா? யாரிடம் போய்க் கேட்பது?

இந்த நிலைமையில்தான் பாட்டுக்காரம்மா வந்தார். மேடைக் கச்சேரிகளில் பாடுகிறவர், கலகலப்பான மனுஷி. கருநீலப் பட்டில் ஒரு சால்வையை ஊசியக்காவின் மடியில் போட்டார்.

"என்ன போடணும்னு நான் சொல்லப் போறதில்ல. உங்க இஷ்டம்."

முன்பென்றால் இதைவிட நல்ல வார்த்தை கிடையாது. இப்போது அவளுக்குத் திக்கென்றது.

சட்டத்தில் துணியைக் கட்டி வைத்துவிட்டு நாள்கணக்கில் அதைச் சுற்றிச்சுற்றி வந்தாள். அறையைக் கூட்டினாள், மணிகளை நிறவாரியாகப் பிரித்தாள், பிரித்ததைக் கொட்டி மறுபடி பிரித்தாள். பிறகு ஒரு காலை, வெயில் ஜன்னலில் நன்றாக விழுந்த வேளையில், தன்மேலேயே கோபம் வந்து சாம்பல் நிற நூலைக் கோத்து ஒரு மூலையில் ஊசியை இறக்கினாள். நாலைந்து தையல் போனதும் சகிக்கவில்லை. பிரித்தாள். அங்கேதான் வினை. அந்த ரகப் பட்டில் ஊசி போன வழி மறையாது. நகத்தால் நீவினாள், நீராவி காட்டினாள், துளைகள் கண்ணைத் திறந்துகொண்டு அப்படியே பார்த்தன.

இனித் துணியைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை. அந்தத் துளைகளுக்குள்ளேயே மறுபடி போனாள். பூ வேண்டாம், இலை வேண்டாம், தையல் மட்டும் போதும் என்று நினைத்துக்கொண்டாள். அரிசி நீளத்தில் சின்னச்சின்னத் தையல்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. ஒன்றைப் போட்டதும் அடுத்தது எங்கே என்று துணி அவளையே கேட்டது. முதலில் அந்தக் கேள்வி ஊசிமுனையைவிடக் கூர்மையாக இருந்தது. போகப்போகக் கை பதில் சொல்லத் தொடங்கியது. இங்கே நெருக்கு. இங்கே விடு. இங்கே கொஞ்சம் செம்பு நிறம். இங்கே ஒன்றும் வேண்டாம், நீலம் தனியாக இருக்கட்டும். ஓரத்தில் அடர்ந்து கிடந்த தையல்கள் நடுவே வரவரக் கலைந்து, காற்றில் படுத்த புல்வெளிபோல ஒரு பக்கமாக ஓடின. அடுப்பில் பால் பொங்கி வழிந்த வாசனை வந்தபோதுதான் நேரமானதே தெரிந்தது.

சால்வையை வாங்கிய பாட்டுக்காரம்மா அதை மடியில் விரித்துப் போட்டார். விரலால் தடவிப் பார்த்தார். "அழகா இருக்குக்கா," என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனார். ஊசியக்கா அன்று தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

அடுத்த வாரமே சால்வை திரும்பி வந்தது.

"கோவிச்சுக்காதீங்கக்கா. கையில வெச்சுப் பாத்தா கண்ணெடுக்க முடியல. ஆனா மேடைல போட்டுக்கிட்டா கடைசி வரிசைக்கு வெறும் நீலத் துணிதான் தெரியுதாம். எனக்குப் பளிச்சுனு நாலு பூ வேணும். இத நீங்களே வெச்சுக்குங்க, வேற துணி கொண்டு வந்திருக்கேன்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் இன்னும் வலித்தது. அச்சடித்த மாதிரியிலிருந்து பெரிய பெரிய பூக்களைத் தைத்துக் கொடுத்து அனுப்பினாள். நீலச் சால்வை நாற்காலி முதுகில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பென்சிலக்கா அந்த நாற்காலியில் வந்து உட்காரப்போனவள், உட்காராமல் நின்றுவிட்டாள். சால்வையை எடுத்து ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் திருப்பி முடிச்சுகளைப் பார்த்தாள். எட்டப் பிடித்தாள், கண்ணருகே கொண்டுவந்தாள்.

"யாரு வரைஞ்சது?"

"யாரும் வரையல."

"பொடி?"

"பொடியும் போடல. சும்மா தைச்சேன். பூவே இல்லன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க."

"இத என்னால வரைஞ்சிருக்க முடியாது அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக.

அது புகழ்ச்சியா பரிகாசமா என்று ஊசியக்காவுக்குப் பிடிபடவில்லை. அந்தக் குழப்பத்திலேயே இத்தனை நாள் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டாள்.

"ஏன் விட்டுட்டே? சலிப்புன்னு சொல்லாத. நிஜத்தச் சொல்லு."

நாத்தனார் சட்டத்தின் விளிம்பைத் தடவிக்கொண்டே நின்றாள். "சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது. நல்ல தையல்னா என்ன? கீழ இருக்கற கோடு தெரியக்கூடாது. நீங்க ரொம்ப நல்லாத் தைப்பீங்க. நான் இத்தன வருஷமா வரைஞ்ச கோட்டுல ஒண்ணுகூட வெளிய தெரிஞ்சதில்ல. உங்கமேல குறை இல்ல, வேலையே அப்படி. ஒருநாள் பஞ்ச எடுத்துத் தேய்க்கறப்ப, மூடறதுக்குன்னே வரையறோமேன்னு தோணிச்சு. அப்புறம் கை ஓடல."

ஊசியக்காவுக்கு கடைசிப் புள்ளி மறைந்ததும் தனக்கு வரும் நிம்மதி ஞாபகம் வந்தது. தனக்கு வேலை முடிகிற அந்த இடத்தில் பக்கத்தில் இருந்தவளுக்கு என்ன முடிந்தது என்று அவள் யோசித்ததே இல்லை.

"நான் கேட்டிருக்கணும்," என்றாள்.

"எனக்கே அப்பதான் தெரியும். என்னன்னு கேட்டிருப்பீங்க?" நாத்தனார் சால்வையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள். "இத நான் எடுத்துக்கறேன். ஸ்கூல்ல ஏசி ரொம்பக் குளிருது. வண்டியில பக்கத்துல உக்காந்து பாக்கறவங்களுக்குப் பூ எதுக்கு?"

அவள் சொன்னது நிஜமாகிவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நடுங்குகிற பெண்களுக்கு, பக்கத்து ஸீட்டில் அவ்வளவு அருகில் அந்தச் சால்வை தெரிந்தது. சிக்னலில் நிற்கும்போது அதையே பார்த்துக்கொண்டிருந்து பின்னால் ஹாரன் வாங்கிக்கட்டிக்கொண்டவர்களும் உண்டு. அவர்களில் ஒருத்தி தேடி வந்தாள். அப்புறம் இன்னொருத்தி. கூட்டம் அலைமோதியது என்று சொல்ல முடியாது. பூவேலைதான் இன்றைக்கும் அடுப்பை எரிக்கிறது. நடுநடுவே, கையும் மனசும் ஒத்துவரும்போது, கோடு இல்லாத துணி ஒன்று சட்டத்தில் ஏறும். பென்சிலக்கா சில ஞாயிறுகளில் வருவாள். டீ குடிப்பாள், வண்டிக் கதைகள் சொல்வாள், சில சமயம் நூல் பிரித்துக் கொடுப்பாள். பென்சிலைத் தொட்டதில்லை. ஊசியக்கா தொடச் சொன்னதும் இல்லை.

புதிதாக ஒரு தொல்லை மட்டும் சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் எங்கே நிறுத்துவது என்று புள்ளிகளே சொல்லிவிடும். இப்போது சொல்ல ஆளில்லை. இன்னும் நாலு தையல் போட்டால் நன்றாக இருக்குமோ, போட்ட நாலு அதிகமோ என்று மனசு ஊஞ்சலாடும். சில துணிகளைத் தைத்துத் தைத்தே கெடுத்திருக்கிறாள்.

போன மழையில், பாசி நிறத்தில் ஒரு நீளத் துணியை இப்படித்தான் விட மனமில்லாமல் தைத்துக்கொண்டிருந்தாள். கணவர் வந்து சட்டத்தைச் சுற்றி நண்டு நடை நடந்தார்.

"ஏங்க, இது முடிஞ்சிடுச்சா பாருங்க."

"என்னைக் கேட்டா? நான் கத்திரிக்கான்னு ஏதாவது சொல்லிடுவேன்."

"விளையாடாதீங்க. நிஜமாத்தான் கேக்கறேன்."

அவர் குனிந்து பார்த்தார். கிண்டல் செய்யத் தோன்றாத முகம். "எனக்குத் தெரியலம்மா. ஆனா பாத்துக்கிட்டே இருக்கலாம்போல இருக்கு."

அவள் துணியின் கீழே கையை விட்டு ஒரு முடிச்சுப் போட்டாள். நூலைக் கத்தரித்தாள். கை உடனே அடுத்த நூலுக்குப் போயிற்று. போன கையைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு, வெளியே மழையையும் உள்ளே துணியையும் மாறிமாறிப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.