முத்துப்பேச்சியைப் பிடித்த பால்பேய்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் இன்னமும் ஒரு கதை ஓடுகிறது. முத்துப்பேச்சியைப் பால் வாடை ஆகாத பேய் ஒன்று பிடித்ததாம். அது புருஷனை வீட்டுக்குள் விடாமல் விரட்டியதாம். தளவாய்புரத்துக் கோடாங்கி சங்கையா உடுக்கடித்து அதை ஓட்டிய பிறகுதான் அவளுக்குப் பிள்ளை பிறந்ததாம். அடுத்த வீட்டுச் சுவரில் காதை வைத்தே வயசைப் போக்கியவன் நான். நடந்தது இதுதான்.

யுத்தத்துக்கு முந்தின வருஷம். அவள் புருஷன் கண்ணுச்சாமி ஒரு மிட்டாய்க்கடையில் பால்கோவா கிண்டுகிறவன். கிண்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது. வாய் மட்டும் அகப்பையைவிட வேகமாகச் சுழலும். முத்துப்பேச்சி முதல் தடவை முழுகாமல் இருந்தபோது, மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லாதே என்று பெரியவர்கள் அவனிடம் சொல்லித்தான் வைத்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சேதியையும் பால்கோவாவோடு பொட்டலம் கட்டி ஊருக்கே கொடுத்துவிட்டான். அடுத்த மாதம் கரு கலைந்தது. கண் பட்டுவிட்டது என்றது தெரு. விசாரிக்க வந்த ஒவ்வொரு மூஞ்சிக்கும் அவள் பதில் சொல்லி அழுதாள்.

மறுபடி நாள் தள்ளியபோது, இந்தப் பிள்ளையாவது தங்க வேண்டும் என்ற ஒரே நினைப்பில் அவனிடம் மூச்சுவிடவில்லை. விடிந்தால் குமட்டல், எழுந்தால் தலைசுற்றல். ரவிக்கை பட்டாலே மார்பு வலித்தது. பகலெல்லாம் தூக்கம், நடுநடுவே கொல்லைக்கு ஓட்டம். சோறு வேகிற மணம் ஆகவில்லை, புளியங்காய் மட்டும் பிடித்தது. அத்தனையையும் மறைத்துவிட்டாள். பால் வாடையைத்தான் மறைக்க முடியவில்லை. கண்ணுச்சாமி வாசலில் கால் வைக்குமுன்னே நெய்யும் புகையும் அடிப்பிடித்த பாலுமாக ஒரு வாடை உள்ளே வரும். குடித்த தண்ணீரும் அவளுக்கு வெளியே வந்துவிடும்.

"உள்ள வராதிய! கடையிலேயே படுத்துக்கிடுங்க."

"ஏட்டி, என் வீட்டுக்கு நான் வராம எவன் வருவான்?"

"நீங்க உள்ள வந்தா நான் வெளிய போயிருவேன்."

மூளை இருக்கிறவன் யோசித்திருப்பான். இவன் யோசிப்பதையும் வாயால்தான் செய்வான். கடையில் புலம்பினான். பால்கோவா வாங்க வந்த மேதாவிகள் பேய் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மறுநாளே சங்கையா உடுக்கும் வேப்பங்குலையுமாக வந்து, கூலிக்கு ஒரு சேவலையும் கேட்டு வாங்கிக் கட்டிப்போட்டுக்கொண்டு, அவளை நடுவீட்டில் உட்காரவைத்தான். தெரு முழுக்க வாசலை அடைத்து நின்றது. முதல் வரிசையில் நான்.

"அமாவாச வரைக்கும் சோறு கண்ணுல காட்டாத. பொறவு இந்தக் குலையால நாலு வீசு வீசுனா ஓடிரும்" என்றான் சங்கையா.

"அப்படியே செய்யுங்கண்ணே" என்று தலையாட்டினான் கண்ணுச்சாமி.

முத்துப்பேச்சி வேப்பங்குலையைப் பார்த்தாள், வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். சொன்னால் கண்படும், சொல்லாவிட்டால் பட்டினியும் அடியும். வயிற்றில் கைவைத்துக்கொண்டு எழுந்தாள்.

"முழுகாம இருக்கேன்! எவனாவது என்னத் தொட்டா அந்த உடுக்கு அவன் மண்டையில இருக்கும்!"

சங்கையா சளைத்தவனா? "பாத்தியளா, பேய் எறங்குனதும் வாயத் தொறந்துட்டா!" என்று உடுக்கை ஓங்கி அடித்துவிட்டு, சேவலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தான். கூட்டமும் அதையே நம்பிக் கும்பிட்டது.

பால் வாடைதான் குமட்டுகிறது என்று அவள் சொல்லிவிட, அன்றிலிருந்து கண்ணுச்சாமி சீயக்காய் போட்டுக் குளித்து, வேட்டி மாற்றிவிட்டுத்தான் வாசல்படி ஏறினான். நாலாம் மாதம் குமட்டல் அடங்கியது. ஐந்தில் பிள்ளை துள்ளியது. நல்லபடியாகப் பெண் பிறந்தது.

போன வாரம் அந்தப் பெண் எதிரிலேயே, "பேய் புடிச்சுப் பெத்த பிள்ளதான இது?" என்று வம்புக்கு இழுத்தேன். முத்துப்பேச்சி முறத்தைக் கீழே வைத்தாள்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல. பிள்ள வவுத்துல இருந்துச்சு, இவிய குளிக்காம வந்தாவ, எனக்குக் குமட்டுச்சு. அம்புட்டுத்தான். கோடாங்கி இங்கருந்து கொண்டுபோனது எங்க வீட்டுச் சேவல மட்டுந்தான்."